செல் டவர் அலையில் சென்சார் ஓடுமா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தது:

"ஏனுங்கண்ணா, எங்க தோப்புக்கு எதுத்தாப்புலயே செல் டவர் நிக்குது. வீடியோ ஒண்ணுல ஆன்டெனா, டயோடு, கெப்பாசிட்டர் மட்டும் வெச்சு எல்.இ.டி. எரிய விடறாங்க. அதே மாதிரி டவர் அலையப் புடிச்சு, மண் ஈரம் பாக்கற சென்சாரு பத்து எடத்துல நட்டுட்டா பேட்டரியே வேண்டாமுங்களே? காத்துல சும்மா போறதுதானுங்களே?"

ஜூன் 11, 2024, இரவு

சும்மா போவது உண்மைதான் தம்பி. எவ்வளவு போகிறது என்று பார்த்துவிடலாம்.

டவர் அலைக்கு இந்தியாவில் ஒரு வரம்பு உண்டு. 2012 செப்டம்பரில் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், அதாவது சதுர செ.மீ.க்கு 45 மைக்ரோவாட். ஆள் நடமாடும் இடத்தில் இதைத் தாண்டக் கூடாது என்கிற உச்சவரம்பு இது. உங்கள் தோப்பில் கிடைப்பது இதைவிட மிகமிகக் குறைவாக இருக்கும். லண்டனில் சுரங்க ரயில் நிலையங்களுக்கு வெளியே இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் அளந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். அவ்வளவு நெரிசலான ஊரிலேயே செல்போன் அலைவரிசைகளில் சராசரியாகக் கிடைத்தது சதுர செ.மீ.க்கு நானோவாட் (மைக்ரோவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான்.

வீட்டு வைஃபையை நம்பலாமா என்றால் அதையும் கணக்குப் போடலாம். 100 மில்லிவாட் ரௌட்டர், 5 மீட்டர் தூரம்: சதுர செ.மீ.க்கு 0.03 மைக்ரோவாட். ஒரு சாதாரண ஆன்டெனா இருபது சதுர செ.மீ. பரப்பில் விழுவதைப் பிடிக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் அரை மைக்ரோவாட்டைத் தாண்டுவதே பெரிய பாடு. அதை டி.சி. ஆக்குவதற்குள் டயோடே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் டயோடு சரியாகத் திறக்காது.

ஒழுங்காகச் செய்த ஒரு சென்சார் போர்டு தூங்கும்போதே பதினைந்து மைக்ரோவாட் கேட்கும். டவர் அலை தூக்கத்துக்கே பத்தாது, எழுந்து பேசுவது அப்புறம்.

வீடியோவில் எல்.இ.டி. எரிந்ததே என்றால், பக்கத்தில் வாக்கி டாக்கியோ பேசிக்கொண்டிருக்கும் போனோ இருந்ததா என்று பாருங்கள். ஒட்டி வைத்தால் எரியும்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

அலையில் ஓடவே ஓடாது என்று சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விஜயமங்கலம் டோல்கேட்டில் உங்கள் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் அப்படித்தான் ஓடுகிறது. அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ரீடர் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேண்டுமென்றே அனுப்புகிற அலையில் சிப் உயிர் பெற்று நம்பரைச் சொல்கிறது. அதுவும் சில மீட்டர் தூரத்துக்குத்தான். சென்சாரை நினைத்து ஒருவன் அனுப்பினால் ஓடும். யாருக்கோ போகிறதை வழியில் மடக்கினால் ஓடாது.

ஜூன் 13

தம்பி விடவில்லை. "அப்ப எதுலதானுங்ண்ணா எடுக்கறது?" என்கிறார்.

எதில் எடுப்பது என்பதற்கு முன்னால் எவ்வளவு செலவாகிறது என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள்.

கையில் இருப்பது பெரும்பாலும் நோட்எம்சியு என்கிற வைஃபை போர்டாக இருக்கும். அதிலுள்ள ஈஎஸ்பி8266 சிப் ஆழ்ந்து தூங்கினால் 20 மைக்ரோஆம்பியர்தான் என்று டேட்டாஷீட் சொல்லும். சிப் தூங்கும், போர்டு தூங்காது. அதே வகைப் போர்டுகளில் ஒட்டியிருக்கும், வோல்ட்டைக் குறைத்துச் சீராகக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்றும் செய்யாமல் 5 மில்லிஆம்பியர் பக்கம் இழுக்கும். யு.எஸ்.பி. சிப், பவர் எல்.இ.டி. தனி. ஒரு நாளைக்கு 120 மில்லிஆம்பியர் மணி அப்படியே போகிறது. எம்சிபி1700 மாதிரி ரெகுலேட்டர் போட்டால் அந்த 5 மில்லி, 2 மைக்ரோவுக்குக் கீழே இறங்கிவிடும். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் அது. அதை மாற்றாமல் காற்றிலிருந்து கரண்ட் எடுக்கிறேன் என்று கிளம்புவதில் அர்த்தமில்லை.

தூங்கும் கரண்டை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்து வரிசையில் மாட்டுவீர்கள். போர்டு எழுந்து மில்லிஆம்பியர் கணக்கில் இழுக்கும் நொடியில் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழும், போர்டு ரீசெட் ஆகும், மறுபடி எழும், மறுபடி ரீசெட். இரவெல்லாம் பார்த்தாலும் தூக்கமே வராது, போர்டுக்கும் சரி, நமக்கும் சரி. நான் செய்வது: 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 3.3 வோல்ட்டுக்கு ஏற்றி, போர்டு தூங்கிய பிறகு சப்ளையைப் பிடுங்கிவிட்டு, 3.2க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பேன். 10 நொடி ஆனால் 10 மைக்ரோஆம்பியர். 1 நொடியில் இறங்கினால் 100. முதலில் போர்டே இல்லாமல் கெப்பாசிட்டர் தானாக எவ்வளவு வடிகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்டாக் கெப்பாசிட்டர் என்றால் அதுவே பெரிய ஓட்டை.

ஜூன் 14

தோப்புக்கு என் பதில்: சின்ன சோலார் பேனல். பேனல் எல்லோரும் வைப்பதுதானே, இதில் என்ன புதுமை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதுமைக்கு நாம் ஒன்றும் பரிசு வாங்கப் போவதில்லை.

1 வாட் பேனல், தென்னை நிழலில் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது என்றே வைப்போம். ஒரு நாளைக்கு 5 மணி நேர வெயில் கணக்கில் 1800 ஜூல். கால் மணிக்கு ஒரு முறை ஈரம் பார்த்து அனுப்பும் போர்டுக்கு நாளைக்குச் சில ஜூல் போதும். நூறு மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அதனால்தான் நிழலிலும் தைரியமாகச் சொல்கிறேன்.

தோப்பில் பேனலைக் கெடுப்பது வேறு. செல்கள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒரே ஒரு ஓலைக் கீற்றின் நிழல் ஒரு செல்லை மூடினாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும். பேனலை நகர்த்தி வைத்துக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மட்டை விழும் வட்டத்துக்குள் நடாதீர்கள். காய்ந்த மட்டை நாற்பது அடி உயரத்திலிருந்து வந்தால் பேனல் மட்டும் இல்லை, அதைத் தாங்கும் குழாயே வளையும். நம் ஊர் இருப்பது 11 டிகிரி அட்சரேகை என்று பேனலையும் 11 டிகிரியில் படுக்க வைத்தால் தூசியும் காக்கை எச்சமும் அப்படியே தங்கும். இருபது, இருபத்தைந்து சாய்த்தால் கொஞ்சம் வெயில் போகும், மழை கழுவிவிடும். அணிலுக்கு ஒயர் என்றால் உயிர். பி.வி.சி. குழாய்க்குள் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஈர சென்சாருக்கு எந்நேரமும் சப்ளை கொடுக்க வேண்டாம். கெப்பாசிட்டிவ் வகை 5 மில்லிஆம்பியர் பக்கம் இழுக்கும். ஒரு மாஸ்ஃபெட்டைச் சுவிட்ச் மாதிரி வைத்து அளக்கும்போது மட்டும் சப்ளையைத் திறந்து மூடுங்கள். இரண்டு கம்பி குத்தும் ரெசிஸ்டிவ் வகையை வாங்கவே வேண்டாம், மண்ணில் அரித்துப் போகும்.

ஜூன் 20

பல்லடத்திலிருந்து ஒருவர்: "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமுங்க. எங்கூர்ல காத்தாலைய வெச்சு ஊருக்கே கரண்ட் எடுக்கறாங்க. சென்சாருக்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் பத்தாதுங்களா?"

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நானும் பக்தன்தான். ஆனால் காற்றில் கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும் (வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு), அதே கணக்கில் இறங்கும். 10 செ.மீ. விசிறி, நொடிக்கு 5 மீட்டர் காற்று: விசிறியைக் கடப்பது அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சின்ன அளவில் பத்து சதவீதம் பிடித்தால் பெரிது, 50 மில்லிவாட் சொச்சம். அதே காற்று 2 மீட்டருக்கு இறங்கினால் கடப்பதே 40 மில்லிவாட்டுக்குள், அதில் ஒன்றிரண்டு மில்லிவாட் கிடைத்தால் உண்டு. அந்த வேகத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் பெரும்பாலும் சுற்றவே சுற்றாது. காந்தம் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். பெரிய காற்றாலை நிற்பது தரையில் இல்லை, நூறு அடிக்கும் எத்தனையோ மேலே. தரையில் சோளத்தட்டுக்கு நடுவே அந்தக் காற்று கிடையாது.

ஆடி, ஆவணி தாண்டி ஐப்பசியில் என்ன செய்வீர்கள்? மேகம் கட்டி நிற்கும் பருவத்தில் பேனலுக்குத் துணையாக வைக்கலாம். அதைத் தனியாக நம்பி வைக்காதீர்கள்.

ஜூன் 21

"காங்கேயம் காளை கழுத்துல கட்டினா, தலைய ஆட்டறதுலயே கரண்ட் வருமுங்களா?" கேட்டவர் சிரிப்புக்குத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பொருள் உள்ள கேள்வி. கை ஆட்டத்தில் ஓடும் கடிகாரத்தை சீக்கோ 1988லேயே விற்றது. கடிகாரத்துக்கு மைக்ரோவாட் போதும். காளையின் தலையாட்டம் நொடிக்கு ஒன்றிரண்டு முறை, அவ்வளவு மெதுவான அசைவில் சின்னக் கருவி பிடிப்பது சொற்பம். கழுத்தில் பேனல் வைத்தால் மதியம் நல்ல வெயிலில் மாடு போய் வேப்பமர நிழலில் படுத்துக்கொள்ளும். மாட்டுக்கு இருக்கும் புத்தி.

ஜூலை 2

இனி மில். எனக்குச் சோறு போடும் இடம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்பின்னிங் மில்லில் சென்சார் கேட்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். ரிங் ஃபிரேம் (நூல் முறுக்கும் மெஷின்) மோட்டார் பேரிங்கில் சூடும் அதிர்வும், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் (காற்றுக்கு ஈரம் ஏற்றும் இடம்) ஈரப்பதம், ஏ.எச்.யு. டக்டுக்குள் (அந்தக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்) அழுத்தம். ஒரு ஷெட்டில் நூறு போர்டு என்றால் கேபிள் இழுக்க முடியாது. இழுத்தாலும் பஞ்சு அடைந்து ஒரு நாள் யாராவது அறுத்துவிடுவார்கள்.

முதலில் வெளிச்சம். வீட்டுக்குள் சோலார் வேஸ்ட் என்று எல்லோரும் சொல்வார்கள், வீட்டில் அது சரி. மில்லில் மூன்று ஷிஃப்டும் ட்யூப்லைட் அணையாது. கால்குலேட்டரில் வருகிற அமார்ஃபஸ் வகை செல், 6க்கு 5 செ.மீ. அளவு, 200 லக்ஸ் வெளிச்சத்தில் 125 மைக்ரோவாட் பக்கம் தருகிறது. 24 மணி நேரமும் தருவதால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 11 ஜூல். தூக்கச் செலவு ஒன்றரை ஜூல் போகட்டும். மிச்சத்தில் சார்ஜர் சிப் மூன்றில் ஒன்றைச் சாப்பிட்டாலும், ஒரு முறை எழுந்து அளந்து அனுப்ப 15 மில்லிஜூல் என்று வைத்தால் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பலாம். பேரிங் சூட்டுக்கு அது தாராளம். செல்லைப் படுக்க வைத்தால் ஒரே நாளில் பஞ்சுப் போர்வை போர்த்திக்கொள்ளும். செங்குத்தாக, ஓவர்ஹெட் கிளீனர் ஊதிக்கொண்டு போகும் பக்கமாகத் திருப்பி ஒட்டுங்கள். அதுவே துடைத்துவிட்டுப் போகும், சம்பளம் இல்லாமல்.

அடுத்து அதிர்வு. அதிர்வை அளக்கப் போகிற இடத்தில் அந்த அதிர்விலேயே கரண்ட் எடுப்பது என்றால் கேட்கவே அழகாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நேராக ஓடும் மோட்டாரின் உடம்பில் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு எப்போதும் இருக்கும், காந்த விசை அப்படி. லோடு ஏறினாலும் இறங்கினாலும் அது நகராது. வளைந்தால் கரண்ட் தரும் பீசோ தகடோ காந்தமும் சுருளுமோ, எதுவானாலும் 100க்கு ட்யூன் செய்து ஒட்டினால் நூற்றுக்கணக்கான மைக்ரோவாட் எடுக்க வழி உண்டு. ஆனால் இந்தக் கருவிகள் ட்யூன் செய்த இடத்தில் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான் வேலை செய்யும்.

இன்றைக்கு ரிங் ஃபிரேம் எதில் ஓடுகிறது? இன்வெர்ட்டரில் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). காப் (நூல் சுற்றிய உருளை) கட்ட ஆரம்பிக்கும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, டாஃப் (நிறைந்த காப்பைக் கழற்றுவது) நெருங்கும்போது மறுபடி மெதுவாக. அதிர்வும் கூடவே நகர்ந்துகொண்டே இருக்கும், தகடு எப்போதோ ஒரு சமயம் பாடும், மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் பம்ப் மாதிரி நேர் சப்ளையில் ஓடுவதற்கு வைக்கலாம். ரிங் ஃபிரேமுக்கு வேண்டாம்.

மூன்றாவது, என் ஓட்டு இதற்குத்தான்: சி.டி., கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு பிளவு வளையம் மாட்டினால் போதும், ஒயரை வெட்ட வேண்டாம். 10 ஆம்பியர் ஓடுகிற ஒயரில் 2000 சுற்று சி.டி. 5 மில்லிஆம்பியர் தரும். அதை ரெக்டிஃபை செய்து (டி.சி. ஆக்கி) 3.6 வோல்ட்டில் தேக்கினால் பதினைந்து மில்லிவாட் பக்கம் வரும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கிடைத்ததைப் போல நூறு மடங்கு. மோட்டார் என்ன கரண்ட் இழுக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும், சென்சாருக்குச் சென்சார், சப்ளைக்குச் சப்ளை. இந்தக் கொங்கு நாட்டில் மோட்டார் இல்லாத இடம் எது? 1932இல் பைகாரா கரண்ட் வந்து மில்கள் பெருகிய நாளிலிருந்து, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணற்றில் எல்லாம் மோட்டார் இறங்கிய நாளிலிருந்து, நாம் கரண்டுக்குப் பக்கத்திலேயேதான் குடியிருக்கிறோம். பக்கத்தில் 10 ஆம்பியர் ஓடும்போது மேலே அண்ணாந்து டவரைப் பார்ப்பானேன்.

ஜூலை 3

சி.டி. மாட்டிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அனுப்பிய படத்திலேயே காரணம் தெரிகிறது. மூன்று கோர் கேபிளை முழுசாக வளையத்துக்குள் விட்டிருக்கிறார். மூன்று ஃபேஸ் கரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். பேனல் போர்டுக்குள் கோர் பிரியும் இடத்தில், ஒற்றை ஃபேஸ் ஒயரில் மாட்ட வேண்டும்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் மோட்டாருக்கு ஆறு ஒயர் போகும். அதில் ஒன்றில் மாட்டினால், மோட்டார் வேகம் பிடித்து டெல்டா இணைப்பில் ஓடும்போது லைன் கரண்டில் 58 சதவீதம்தான் கிடைக்கும். கான்டாக்டருக்கு (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தச் சுவிட்ச்) முன்னால், சப்ளை வரும் ஒயரில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முந்திய பக்கம். அங்கே கரண்டின் வடிவம் கோணலாக இருக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸாவது மாறாது.

விளையாட்டில்லாத ஒன்று: ஒயரில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் செகண்டரியை (அதன் சுருளின் இரண்டு முனைகளை) எதிலும் இணைக்காமல் திறந்து விடக் கூடாது. ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு வோல்ட் ஏறலாம். வோல்ட் ஏறாமல் பிடிக்கும் ஜீனரோ டி.வி.எஸ். டயோடோ சி.டி.யோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுங்கள், கனெக்டருக்கு அந்தப் பக்கம் வேண்டாம். பேனல் போர்டைத் திறப்பது மில் எலக்ட்ரீஷியன் ஐசொலேட்டரை (மெயின் சுவிட்ச்) இறக்கிப் பூட்டுப் போட்ட பிறகு. சென்சார் விற்க வந்த பையன் கையை விடக் கூடாது.

ஜூலை 5

மெயின்டனன்ஸில் ரொம்ப வருடம் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் கேட்டது மண்டையில் தட்டியது மாதிரி இருந்தது: "மோட்டார் ஓடறப்ப எல்லாந்தான் நல்லா இருக்குது. நின்னா எதுக்கு நின்னுதுன்னு தெரியோணும். அன்னேரம் உங்க சென்சாரும் கூடவே தூங்கிப் போகுமுங்களே?"

ஆமாம். அதனால் சேமிப்பு இல்லாமல் சி.டி. பயனில்லை. ஒரு ஃபாரட், 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்தால், 5 வோல்ட்டிலிருந்து 2.5க்கு இறங்கும்வரை 9 ஜூல் சொச்சம் கையில் இருக்கும். தூக்கச் செலவு, கெப்பாசிட்டர் தானாக வடிவது, கால் மணிக்கு ஒரு செய்தி எல்லாம் சேர்த்து 80 மைக்ரோவாட் என்றால் ஒரு நாளைக்கு மேல் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு சரி. பொங்கலுக்கு மில் நாள்கணக்கில் மூடிக் கிடந்தால் காலியாகிவிடும்.

காலியானது மறுபடி எழுவதில் இன்னொரு சங்கதி. சார்ஜர் சிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போது மிகக் குறைந்த வோல்ட்டிலும் இழுக்கும். சுத்தமாக இறந்த நிலையிலிருந்து எழ அதிகம் கேட்கும். பீக்யூ25504 மாதிரிச் சிப்புக்கு 300 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேண்டும். சி.டி.க்கு இது பொருட்டே இல்லை, ட்யூப்லைட் செல்லுக்கும் பெரும்பாலும் பிரச்சினை வராது. சூட்டு வித்தியாசத்தில் எடுப்பவர்களுக்குத்தான் தலைவலி, அதைக் கீழே எழுதுகிறேன்.

கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் சூப்பர் கெப்பாசிட்டர் வைப்பவர்கள் சூட்டு அளவைப் பார்த்து வாங்குங்கள். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 12

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் ஸ்டீம் பைப்பில் பெல்டியர் (ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிர்ந்தும் இருந்தால் கரண்ட் தரும் தகடு) ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். ஸ்டீம் டிராப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) அடைத்துக்கொண்டதா, ஒழுகுகிறதா என்று பார்க்கிற சென்சாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஸ்டீம் இருக்கும்வரை கரண்ட் இருக்கும்.

ஆனால் கடையில் கிடைக்கும் 12706 பெல்டியரை நேராகப் பைப்பில் வைக்காதீர்கள். அது குளிர வைக்கச் செய்தது. உள்ளே 127 ஜோடி செமிகண்டக்டர் துண்டுகளையும் பிடித்திருப்பது 138 டிகிரியில் உருகும் சால்டர். 7 பார் அழுத்தத்தில் ஸ்டீம் 170 டிகிரி. பைப்பில் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளே எல்லாம் நெகிழ்ந்து, எடுத்துக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்கும். கரண்ட் எடுக்கவென்றே செய்த, அதிகச் சூடு தாங்கும் மாட்யூலைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு எஃகுத் துண்டு வைத்துச் சூட்டை இறக்க வேண்டும்.

170 டிகிரி பைப், 40 டிகிரி காற்று, 130 டிகிரி வித்தியாசம் என்று மனக்கணக்குப் போட்டு ஏமாறுவதும் இங்கேதான். சூடு மாட்யூலைக் கடந்து, மறுமுகத்தைக் குளிர்விக்க வைத்த ஹீட்சிங்கையும் காய்ச்சிவிடும். மாட்யூலின் இரண்டு முகத்துக்கும் நடுவில் நிஜமாக நிற்பது பல சமயம் சில டிகிரிதான். டிகிரிக்கு 50 மில்லிவோல்ட் வீதம் 5 டிகிரிக்குக் கால் வோல்ட். கால் வோல்ட்டில் மேலே சொன்ன சிப் எழாது. 20 மில்லிவோல்ட்டிலேயே எழும் எல்டிசி3108 மாதிரி ஒன்று வேண்டும். காசை மாட்யூலில் கொட்டாமல் ஹீட்சிங்கில் கொட்டுங்கள், துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும், காற்று மேலே ஏற வழி விட்டு.

ஜூலை 13

நாமக்கல் கோழிப்பண்ணை அமோனியா சென்சார்: எம்.க்யூ. வகை என்றால் ஹீட்டரே முக்கால் வாட்டுக்கு மேல் தின்னும். அதற்கு வெளிச்சம், காற்று, அதிர்வு என்று எதிலிருந்தும் கரண்டை அறுவடை செய்ய வேண்டாம். பண்ணையில் லைட்டுக்கு ஒயர் போகிறதல்லவா, அதிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 25

கோபி பக்கம் ஒருவர் லோரா (குறைந்த கரண்டில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ) போர்டு போட்டிருக்கிறார். பேனல் பத்தவில்லை, பெரிய பேனல் எது வாங்கலாம் என்று கேட்கிறார். அவர் அனுப்பிய பதிவைப் பார்த்தால் எல்லாப் போர்டும் எஸ்.எஃப். 12இல் கத்திக்கொண்டிருக்கின்றன (இந்த எண் ஏற ஏறத் தூரம் கூடும், வேகம் குறையும்). எஸ்.எஃப். 7இல் ஒரு சின்னச் செய்தி 60 மில்லிசெகண்டில் போய்விடும். 12இல் அதே செய்திக்கு ஒன்றரை செகண்ட். 100 மில்லிவாட் கணக்கில் 6 மில்லிஜூல் எங்கே, 150 மில்லிஜூல் எங்கே!

ஏன் 12க்குப் போயின என்றால் கேட்வே (எல்லாப் போர்டின் செய்தியையும் வாங்கும் பெட்டி) மோட்டார் ரூமுக்குள், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துத் தண்ணித் தொட்டி மேலே வையுங்கள். ஆன்டெனா முப்பது அடி ஏறினால் போர்டுகள் தானாக 7, 8க்கு இறங்கும் (அடாப்டிவ் டேட்டா ரேட் திறந்திருக்கட்டும்). எந்தப் பேனலும் தராத லாபம் அது. கேட்வேக்கு ஈ.பி. கரண்ட் இருக்கிறது, அதை உயர்த்துவதில் நஷ்டமே இல்லை. இடி தாங்கி மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு போர்டு இன்னொன்றுக்குக் கைமாற்றி அனுப்பும் மெஷ் வேண்டாமா என்று அவரே கேட்டிருக்கிறார். அடுத்தவன் எப்போது பேசுவான் என்று காது கொடுத்துக் காத்திருப்பதற்கே 10 மில்லிஆம்பியர் பக்கம் போகும். கேட்வேக்குப் பக்கத்தில் இருப்பவன் ஊர்ச் சுமையெல்லாம் சுமந்து முதலில் சாவான். தொட்டி மேல் ஏறுகிற வேலை அதைவிடச் சுலபம்.

இருக்கிற வோல்ட்டைப் பார்த்து இடைவெளியை மாற்றும் நாலு வரி கோடும் சேர்த்துவிடுங்கள். கெப்பாசிட்டர் 4.5க்கு மேல் இருந்தால் ஐந்து நிமிடம், 3.5க்குக் கீழே போனால் ஒரு மணி நேரம். கலிஃபோர்னியாவில் கன்சால், ஸ்ரீவாஸ்தவா குழுவினர் 2007இல் இதைப் பெரிய கணக்கோடு எழுதினார்கள்: வரவைப் பார்த்துச் செலவு செய்தால் காலத்துக்கும் ஓடும் என்று. நமக்கு இரண்டு எல்லை போதும்.

ஆகஸ்ட் 6

"இத்தனை கூத்துக்குப் பதிலா நல்ல பேட்டரி போட்டா என்னங்க?" ரொம்ப நாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

பல இடத்தில் பேட்டரிதான் சரி. லித்தியம் தயோனில் குளோரைடு, ஏஏ அளவு, 3.6 வோல்ட், 2400 மில்லிஆம்பியர் மணி. சராசரி 30 மைக்ரோஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி ஒன்பது வருடம், தானாக வடிவதைக் கழித்து ஏழெட்டு என்று வைக்கலாம். விலை சில நூறு ரூபாய். கை எட்டும் உயரத்தில் பத்து சென்சார் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்த செல் முதல் துடிப்பில் வோல்ட்டை இறக்கும், உள்ளே ஒரு படலம் கட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் சமாளிக்கும். பொத்தான் செல்லை லோராவுக்கு வைக்காதீர்கள். அந்தச் செல்லால் அந்த வேகத்தில் கரண்ட் கொடுக்க முடியாது.

நான் பேட்டரியை விடுவது செல் விலைக்காக இல்லை, ஏணிக்காக. ஒரு மில்லில் டக்டுக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்குள், ஒரு கம்பெனிக்காரர்கள் வரிசையாகப் பேட்டரி சென்சார் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அடிக்கடி அனுப்பும்படி செட் செய்திருந்ததால் ஒரே சீசனில் எல்லாம் படுத்துவிட்டன. மாற்ற வேண்டுமானால் அந்த லைனை நிறுத்த வேண்டும், ஏணி வேண்டும், மேலே ஒருவர், கீழே பிடிக்க ஒருவர், சேஃப்டி ஆபீசர் கையெழுத்து. செல் விலை இருநூறு, ஏற்ற இறக்கக் கூலியும் நின்ற ஓட்டமும் அதைப் போல எத்தனையோ மடங்கு. பேட்டரி தீர்ந்ததற்கு யாரும் ஏறவில்லை. இன்றைக்கும் அவை அங்கேயே செத்துக் கிடக்கின்றன, திரையில் பழைய ஈரப்பதம் அப்படியே நிற்கிறது, அதைப் பார்த்து ஒரு சூப்பர்வைசர் தினமும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி இடத்தில் சி.டி.யோ ட்யூப்லைட் செல்லோ வைப்பேன். அதை விட்டு மோட்டார் ரூம் சுவரில் வைப்பதற்கும் அறுவடை என்றால், எனக்கு ஆர்வம் இல்லை.

ஆகஸ்ட் 9

பெருந்துறைத் தம்பி இரண்டு பேனல் நட்டுவிட்டார், டவர் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லையாம். புதுப் பிரச்சினை எறும்பு. பெட்டிக்குள் கூடு கட்டி, ஈரத்தைக் கொண்டுவந்து, ஒரு போர்டு பச்சை பூத்துவிட்டது. கேபிள் கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கும் மூடி) போடுங்கள் தம்பி, ஒயருக்கு ஒரு ஓட்டை, அதுவும் பெட்டியின் அடிப்பக்கம். மேலே ஓட்டை போட்டு எம்-சீல் வைத்து அடைத்தது போதும். போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத பூச்சு) அடியுங்கள், ஈர சென்சாரின் மேல் விளிம்பையும் விடாமல். அடிக்கும் முன்னால் ஆன்டெனா கனெக்டரை டேப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

கம்பத்துக்கு கிரீஸ் தடவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தடவலாம், ஒரு மழை வரைக்கும்.